முதல் வரிசை வெள்ளை

நீளமான அட்டவணையைப் படிக்கும்போது கண் வழுக்கும், ஐயா. ஐந்தாவது வரிசையில் தொடங்கிய பார்வை பாதியில் ஆறாவதற்கு இறங்கிவிடும். அதனால்தான் ஒரு வரிசை வெள்ளை, அடுத்தது வெளிர்நீலம் என்று மாற்றி மாற்றி நிறம் கொடுக்கிறோம். படிக்கிறவர்களுக்குச் செய்கிற சின்ன உபகாரம். நான் செய்ததும் அதுதான்.

என் பெயர் பாண்டியன். சிதம்பரத்தில் வீடு, கடலூர் பக்கம் ஆற்றோரம் இருக்கும் ஒரு ரசாயனக் கம்பெனியில் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஆற்றில் விடும் கழிவுநீரைத் தினமும் விடிவதற்குள் அளந்து, அந்த எண்களைத் தளத்தில் போடுவோம். புது நாள் எப்போதும் மேலே வரும். எண் அளவு மீறினால் அந்த வரிசை முழுக்கச் சிவப்பாகும். நான் வேலைக்குச் சேர்ந்தபோதே இருந்த ஏற்பாடு அது.

என் அக்கா தனக்கோடி கம்பெனியை ஒட்டிய குடிகாடு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் புருஷன் பக்கிரி மாமா மார்பளவு தண்ணீரில் நின்று கையால் துழாவி இறால் பிடிக்கிறவர். எழுத்து தெரியாது. கழிவுநீர் மோசமாக வந்த ஒரு நாள் உடம்பெல்லாம் கொப்புளத்தோடு வீடு திரும்பினார். அன்றைக்கு நான்தான் அவர் ஃபோனில் அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். "மேல இருக்கற மொத வரிசைய மட்டும் பாருங்க மாமா. செவப்புன்னா எறங்காதீங்க. வெள்ளைன்னா பயமில்ல." மனிதருக்கு அப்படி ஒரு சந்தோஷம். கரையில் எல்லாரிடமும் "எம் மச்சான் பாத்துக்கற பேஜ்ரா இது" என்று காட்டிக்கொண்டு திரிந்தார். அப்புறம் இரண்டு வருஷம் அவர் உடம்பில் ஒரு கொப்புளம் வரவில்லை.

மாசியில் மேனேஜர் ஜெயப்பிரகாஷ் சார் என்னைக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, பேஜத் தொறந்தாலே ரத்தக்களறியா இருக்கே. பாக்கறதுக்குக் கொஞ்சம் டீசன்டா பண்ணேன்." அவ்வளவுதான் சொன்னார். எண்ணை மாற்று என்று சொல்லவில்லை, சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன். ஒற்றை வரிசைக்கு வெள்ளை, இரட்டை வரிசைக்கு வெளிர்நீலம் என்று எழுதினேன். புது நிறம் பழைய சிவப்பை மூடிக்கொண்டது. முதல் வரிசை ஒற்றை. ஆகவே இன்றைய நாள் என்றைக்கும் வெள்ளைதான். அன்று சாயங்காலமே இதைக் கவனித்தேன். சரிசெய்ய இரண்டு நிமிடம் போதும். ஆனால் பக்கம் அவ்வளவு லட்சணமாக இருந்தது. சார் தோளில் தட்டிக்கொடுத்து, "இதுல இனிமே கைய வெக்காத" என்றார். என்னை நிரந்தரமாக்கும் உத்தரவு அந்த மாதம் அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். மாமா எனக்கென்று பெரிய இறாலாகப் பொறுக்கி வைத்திருந்தார். "இப்பல்லாம் செவப்பே வர மாட்டேங்குது மச்சான். கம்பெனிக்காரன் திருந்திட்டானா?" என்று கேட்டார். வாயில் சோறு இருந்தது. விழுங்கிவிட்டு, "ஆமா மாமா" என்றேன். அக்கா இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

வியாழக்கிழமை காலை அவர் ஆற்றில் மயங்கி விழுந்தார். கூடப் போனவர்கள் நாற்றம் தாங்காமல் கரையிலேயே நின்றுவிட்டார்களாம். இவர் மட்டும் இறங்கினார். இழுத்துப் போட்டபோது மூச்சில்லை.

அக்காவைச் சிதம்பரத்துக்கு அழைத்துவந்து என்னோடு வைத்துக்கொண்டேன். அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம். மாமாவின் ஃபோனை மட்டும் அவள் கையை விட்டு இறக்குவதில்லை. காலையில் எனக்குக் காபி கொடுத்துவிட்டு, அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டே நிற்கிறாள். "தெனம் இதப் பாக்காம எறங்க மாட்டாரேடா. அன்னிக்கு மட்டும் பாக்காம பூட்டாரே, பாவி மனுசன்" என்று செத்தவரைத் திட்டுகிறாள். கண்ணை மூடினால் வெள்ளை, நீலம், வெள்ளை. அதன்மேல் ஈரக்கை ஒன்று எதையோ தேடித் துழாவிக்கொண்டே போகிறது. நான்கு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை.

நேற்று அவள் ஃபோனை என்னிடம் நீட்டினாள். "அன்னிக்குக் காலைல யார்கிட்டியோ பேசியிருக்காருன்னு பக்கத்து வீட்டுப் பொண்ணு சொல்லுது. யாருன்னு பாருடா." பார்த்தேன். "சிம் கம்பெனிக்காரங்கக்கா, ரீசார்ஜ் பண்ணச் சொல்லி" என்றேன். அவள் நம்பிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். அந்த நம்பிக்கையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இன்று காலை முதல் பஸ்ஸில் ஏறி உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

அந்த வியாழக்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்கு மாமா என்னை ஃபோனில் கூப்பிட்டார். "மச்சான், தண்ணி ஒரு மாதிரி வீசுது. பசங்க எறங்க மாட்டேங்கறானுங்க. இதுல வெள்ளையாத்தான் காட்டுது. எறங்கட்டுமா?" எனக்கு முன்னால் பக்கம் திறந்தே இருந்தது. எண் அளவைவிட நான்கு மடங்கு. வேண்டாம் என்றால் ஏன் சிவப்பு வரவில்லை என்று கேட்பார். கேட்டால் ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னது பொய் என்றாகும். கரை முழுக்கத் தெரிந்து, சார் காது வரைக்கும் போகும். "ஒண்ணும் ஆவாது, எறங்குங்க மாமா" என்றேன்.

அவர் கேட்டது நிறத்தை மட்டும்தான், ஐயா. எண்ணைக் கேட்டிருந்தால் சத்தியமாகச் சொல்லியிருப்பேன்.