முப்பத்தாறு முறை நாலு நிமிடம்

கண்ட்ரோல் ரூமில் தொலைபேசியும் தானுமாக இருபத்தைந்து ஆண்டுகள், எல்லை தாண்டும் ரயில் சேவையின் முதன்மைக் கால அட்டவணை அலுவலராக ஒன்பது ஆண்டுகள் என முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி, இன்று ஓய்வு பெறும் எங்கள் அம்மையாருக்கு, உடன் பணிபுரிந்தோர் அன்போடும் பழகிப்போன அச்சத்தோடும் வாசித்தளிக்கும் மடல்.

கடிகாரத்துக்கே கண்டிப்பைக் கற்பித்த கண்ணியமே! காகிதத்தில் கிடந்த ரயிலைக் கம்பிப் பாதையில் ஓடவிட்ட கைவண்ணமே! இரு நாட்டு அலுவலகங்களின் இழுபறிக்கு நடுவில் இம்மியும் இடம்பெயராத இரும்புறுதியே! வணக்கம்.

இப்படித் தொடங்குவது தங்களுக்குப் பிடிக்காது என்பதை அறிவோம். "மூணு வரி போச்சு, விஷயம் எங்கே?" என்று சிவப்புப் பேனாவைத் திறப்பீர்கள். இன்று அந்தப் பேனா எங்கள் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. பாராட்டு மடலில் நாலு அடைமொழியாவது இருக்க வேண்டும், அம்மா; சட்டம் போட்டுத் தருபவர் கண்ணாடிக்கு ஏற்கெனவே அளவெடுத்துவிட்டார். ஆனால் இந்தக் காத்திருப்புக் கூடத்தின் வாசலுக்கு எதிரே முதல் நடைமேடையில் மாலை ஐந்து பத்து மணி எல்லை ரயில் வந்து நிற்கிறது. அது புறப்படுவதற்குள் இதை முடித்தாக வேண்டும் என்ற பயம் எங்களுக்கும் உண்டு.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இந்தச் சேவை எப்படி இருந்தது என்பதைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறோம். வாரத்துக்கு ஒரே ஒரு ரயில். எல்லை நிலையத்தில் அது நிற்கும் நேரம் இரண்டு மணி நாற்பது நிமிடம். பயணிகள் அனைவரும் மூட்டை முடிச்சோடு இறங்க வேண்டும். நம்முடைய பாஸ்போர்ட் வரிசை, பிறகு பக்கத்து நாட்டு வரிசை, பிறகு இரண்டு சுங்க மேசைகள். அந்நாளில் அடிக்கடி பயணம் செய்த தையற்காரர் ஒருவர், ஒரு மேசையில் நாற்பது ரவிக்கைகளைப் பிரித்துக் காட்டி, மறுபடி மடித்து, அடுத்த மேசையில் மறுபடி பிரித்தவர். "தைக்க ஆன நேரத்தை விட மடிக்க ஆன நேரம் ஜாஸ்தி" என்று அவர் தங்களிடம் அலுத்துக்கொண்டார். மற்றவர்களாக இருந்தால் புகார்ப் புத்தகத்தைக் காட்டியிருப்போம். தாங்களோ அவர் பக்கத்தில் நின்று ஒரு ரவிக்கை மடிக்க எத்தனை விநாடி ஆகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள்.

அன்று தொடங்கியது தங்கள் திருவிளையாடல். யாரிடமும் ஒரு மணி நேரம் கேட்கவில்லை. அரை மணி கூடக் கேட்கவில்லை. ஒவ்வொரு கதவாகத் தட்டி, "எனக்கு ஒரு நாலு நிமிஷம் குறைச்சுக் குடுங்க, போதும்" என்றீர்கள். நாலு நிமிடத்தை மறுக்க யாருக்கு மனம் வரும்? பக்கத்து நாட்டு என்ஜினை முன்கூட்டியே மறு முனையில் கொண்டுவந்து நிறுத்தியதில் ஒரு நாலு நிமிடம். தண்ணீர் நிரப்பும் வேலையை முந்தைய நிலையத்துக்கு மாற்றியதில் இன்னொன்று. சுங்கப் படிவத்தைப் பயணச்சீட்டோடு சேர்த்துக் கொடுத்ததில் மற்றொன்று. கொடுத்தவர் மறந்து நிமிர்வதற்குள் அடுத்த மாதம் மறுபடி வாசலில் நிற்பீர்கள். சுங்கத்துறை மேலாளர் தங்களைக் கண்டதும் பின்வாசல் வழியாக நழுவியதும், தாங்கள் அங்கேயும் போய் நின்றதும் இரு நாட்டு அலுவலகங்களிலும் இன்று வரை சிரித்துச் சொல்லப்படும் கதை. நாலு நிமிட அம்மா என்ற பெயர் அப்படி வந்தது. தங்களுக்குத் தெரியாது என்று நினைத்து நாங்கள் வைத்த பெயர் அது, தங்கள் கணவரே தொலைபேசியில் "நாலு நிமிட அம்மா இருக்காங்களா?" என்று கேட்ட நாளில் மானம் போயிற்று.

முப்பத்தைந்து முறை கேட்டீர்கள். அதில் கடைசிப் பத்து முறையும் ஒரே கூட்டத்தில், ஒரே நாற்காலியில். பக்கத்து நாட்டு பாஸ்போர்ட் குழுவும், ஏற்கெனவே அப்படி மாறியிருந்த நம் குழுவைப் போல, ஓடும் ரயிலிலேயே சோதனை செய்தால் பெட்டிக்கு நாலு நிமிடம் மிச்சம் என்று பத்துப் பெட்டிக்கும் தனித்தனியாகக் கேட்டு வாங்கினீர்கள். இரண்டு மணி நாற்பது நிமிடம், தாளில் இருபது நிமிடமாகச் சுருங்கியது.

தாளில் சுருங்கியது தண்டவாளத்திலும் சுருங்க வேண்டுமே. இரு நாட்டு மேலிடங்களும் ஒரு சோதனை ஓட்டத்துக்கு ஒப்புக்கொண்டு ஒரு நிபந்தனையும் வைத்தன. எல்லை நிலையத்தில் ரயில் இருபது நிமிடத்துக்குள் புறப்பட்டால் சேவை தினசரியாகும். இருபத்தோராவது நிமிடம் தொட்டால், இருக்கிற வாராந்திர ரயிலும் நிறுத்தப்படும். ஆறாண்டுகளுக்கு முந்தைய அந்த நாளை எங்களில் யாரும் மறக்கவில்லை. இந்த மடலை எழுதுகிறவனுக்கு அதை மறக்கக் கூடுதலாக ஒரு காரணம் உண்டு, மறக்க முடியவில்லை.

எல்லைக்கு ஒன்றேகால் மணி நேரம் இருக்கையில் இரு நாட்டுக் குழுக்களும், குழுவுக்குப் பத்துப் பேராக, ரயிலில் ஏறினார்கள். நம் குழு முதல் பெட்டியில் தொடங்க வேண்டும், அவர்கள் குழு கடைசிப் பெட்டியில் தொடங்க வேண்டும், நடுவில் ஒருவரையொருவர் கடந்து போக வேண்டும் என்பது திட்டம். அப்படித்தான் கடிதமும் போயிருந்தது. ஏறிப் பார்த்தால் இருபது பேரும் ஒரே பெட்டிக்குள் நிற்கிறார்கள்.

நாம் பெட்டிகளை நம் என்ஜினிலிருந்து எண்ணுகிறோம். அவர்கள் தங்கள் என்ஜினிலிருந்து எண்ணுகிறார்கள். எல்லை நிலையத்தில் அவர்கள் என்ஜின் மறு முனையில் மாட்டப்படுவதால் நம் முதல் பெட்டிதான் அவர்களுக்குக் கடைசிப் பெட்டி. இரண்டு நாட்டு ரயில்வேயும் இத்தனை காலம் எண்ணி வந்த எண்ணிக்கை, அந்தக் கடிதத்தை எழுதியவன் மூளைக்கு மட்டும் எட்டவில்லை.

"எங்க கணக்குல இதுதாங்க கடைசிப் பெட்டி, நாங்க சரியாத்தான் ஏறியிருக்கோம்" என்றார் அவர்கள் குழுத் தலைவர்.

"ஓடுற ரயில்ல என்ஜின் எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியலையா? நீங்கதான் அந்தக் கோடிக்குப் போகணும்" என்றார் நம்மவர்.

யார் நகர்ந்தாலும் நாட்டின் மானமே நகர்ந்துவிடும் என்பதுபோல இருவரும் நின்றார்கள். இருபத்தைந்து நிமிடம் போயிற்று. இடையில் அகப்பட்ட நம் தையற்காரர்தான் கடைசியில் வாய் திறந்தார். "ஐயா, என் பாஸ்போர்ட்ட ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. யாராவது ஒருத்தர் விடுங்க."

பின்கோடிக் கார்டு பெட்டியிலிருந்து ஒன்பது பெட்டிகளைக் கடந்து தாங்கள் அப்போதுதான் வந்து சேர்ந்தீர்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள், ஐம்பது நிமிடம் இருந்தது. அந்த பாஸ்போர்ட்டையும் பார்த்தீர்கள். பிறகு தாங்கள் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் இங்கே பதிக்கிறோம்.

"ரெண்டு பேர் எண்ணினதும் சரி. தப்பு எங்க கடிதத்துல. யாரும் யாருக்காகவும் போக வேண்டாம். இப்படியே ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டே வேலை செய்யுங்க. இவர் முத்திரை குத்தி அவர் கையில குடுக்கட்டும், அவர் குத்திப் பயணி கையில குடுக்கட்டும். பெட்டிக்கு ஒரு ஜோடி."

பத்து ஜோடிகள் பத்துப் பெட்டிகளுக்குப் பிரிந்து போயின. அதுவரை முறைத்துக்கொண்டிருந்த தலைவர்கள் இருவரும் முதல் பெட்டியில் தோளோடு தோள் உரச முத்திரை குத்தினார்கள். பயணி ஒரு முறை எடுத்து நீட்டினால் போதும். இரண்டு நாட்டு வேலையும் முடிந்தது. எல்லை நிலையத்தில் இரு குழுக்களும் பெயர்ப் பட்டியலை ஒப்பிடுவதற்கென்று நாலு நிமிடம் ஒதுக்கியிருந்தோம். ஜோடிகள் அதைப் பெட்டியிலேயே முடித்திருந்தார்கள். ரயில் நின்றது, என்ஜின் மாறியது, கொடி அசைந்தது. நடைமேடையில் நின்று தாங்கள் உரக்கச் சொன்ன நேரம் பதினாறு நிமிடம்.

வென்றோம், அம்மா! யாரிடமும் கேட்காமல், எங்கள் பிழை பெற்றுத் தந்த முப்பத்தாறாவது நாலு நிமிடம் அது. வாரத்துக்கு ஒன்று நாளுக்கு ஒன்றாயிற்று. இன்று நாளுக்கு மூன்று. அடுத்த மாதம் நாலாவதும் ஓடும். ஜோடியாக முத்திரை குத்துவது இன்று இரு நாட்டு விதிப்புத்தகங்களிலும் ஏறிவிட்டது. தையற்காரர் காலையில் போய் அளவெடுத்து இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறார். ரவிக்கைகள் மடிப்புக் கலையாமல் போய்ச் சேருகின்றன.

ஒரு கடன் பாக்கி இருக்கிறது. சோதனை ஓட்டத்துக்குப் பின் நடந்த விசாரணையில் "இந்தக் கடிதத்தை எழுதினது யாரு?" என்று கேட்டார்கள். "கையெழுத்து யாருதுன்னு பாருங்க" என்றீர்கள். கையெழுத்து தங்களுடையது, கண்டிப்புக் குறிப்பும் தங்கள் பணிப்பதிவேட்டில்தான் ஏறியது. அதை எழுதியவன் தங்கள் அறைக்கு வந்து நின்றபோது, "இனிமே பெட்டிக்கு நம்பர் வேண்டாம், எழுத்து போட்டுடலாம், எந்தப் பக்கத்துலேருந்து பார்த்தாலும் மாறாது. இது வெளிய தெரிய வேண்டாம், போய் டீ குடிங்க" என்றீர்கள். ஆறாண்டுகள் சொன்னபடி கேட்டேன். இன்று மீறுகிறேன். கால அட்டவணைப் பிரிவின் தலைமை எழுத்தனாகிய நான்தான் அந்தக் கடிதத்தை எழுதினேன். இந்த மடலையும் நானே எழுதி, எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கிறேன். என்னை மன்னித்ததற்கு நன்றி, அம்மா.

இனி எங்கள் புகார். இலட்சக்கணக்கானவர்களை எல்லை தாண்டி அனுப்பிய தாங்கள் ஒரு முறைகூட எல்லையைத் தாண்டியதில்லை. ஒவ்வொரு தடவையும் எல்லை நிலையத்தில் இறங்கி, நேரம் குறித்து, கொடி அசைந்ததும் எதிர் ரயிலில் திரும்பிவிடுவீர்கள். பக்கத்து நாட்டில் வாழ்க்கைப்பட்ட தங்கள் தங்கை ஒவ்வொரு விடுமுறைக்கும் தானே இங்கு வந்து, "அக்கா ரயில் விடுவா, ஏற மாட்டா" என்று எங்களிடம் குறைபட்டிருக்கிறார். அவர் வீட்டில் தங்களுக்கென்று வாங்கிய கட்டில் ஒன்பது ஆண்டுகளாகத் துணி காயப்போட உதவுகிறதாம்.

ஆகவே நினைவுப் பரிசாகக் கடிகாரம் வாங்கவில்லை. இன்றைய ஐந்து பத்து ரயிலில், தங்களுக்கும் தங்கள் கணவருக்கும் முதல் பெட்டியில் இரண்டு இருக்கைகள். தங்கள் துணிப்பெட்டியை ஏற்கெனவே ஏற்றியாயிற்று. அதில் கைவரிசை தங்கள் கணவருடையது. எல்லை நிலையத்தில் இரு நாட்டு ஊழியர்களும் தங்களைப் பார்க்கக் காத்திருப்பதால், மேலிட அனுமதியோடு இன்று ஒரு நாள் மட்டும் ரயில் அங்கே பதினாறுக்குப் பதில் இருபது நிமிடம் நிற்கும். முகம் சுளிக்காதீர்கள், போய்ச் சேரும் நேரம் பிசகாது என்று ஓட்டுநர் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

தாங்கள் நோயின்றி, நொடியின்றி, நிமிட முள்ளைப் பார்க்காத நெடுநாள் நிம்மதியோடு, தங்கள் குடும்பம் சூழ நிறைவாழ்வு வாழ வாழ்த்துகிறோம்.

முப்பத்தாறு முறை வாங்கியதில் ஒரே ஒரு நாலு நிமிடத்தைத் தங்களுக்கே திருப்பித் தருகிறோம், அம்மா. இறங்கி நின்று நேரம் பார்க்க வேண்டாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தாங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்திருங்கள். கொடி அசையும்போது, இந்த முறை ரயில் தங்களையும் ஏற்றிக்கொண்டு புறப்படும்.

என்றும் தங்கள் அன்பில்,
கால அட்டவணைப் பிரிவு, கண்ட்ரோல் ரூம், ஓட்டுநர்கள், கார்டுகள், சுங்க மேசையினர்,
இரு நாட்டு பாஸ்போர்ட் ஜோடிகள்