ஐயாவுக்கு எடுத்துவைத்த பங்கு

உட்கார், தினேஸ்வரி. இந்த அறை உனக்குக் குளிரும். நாற்காலியில் கிடக்கிற சால்வையைப் போர்த்திக்கொள். ஏர்கோனை மட்டும் குறைக்கச் சொல்லாதே. போத்தல்களுக்குப் பதினாலு டிகிரி வேண்டும். ஈப்போ வெயிலுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது.

நீ கையில் வைத்திருக்கும் தாள் என்னுடையதுதான். நாற்பது வருடம் வைத்தியம் பார்த்தவனின் கையெழுத்தை ஒரு நர்ஸால்தான் படிக்க முடியும். அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது என்கிறாய். இருந்திருக்கும். பிச்சைமுத்து நான் கொடுத்த எதையும் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை. இருபத்தாறு வருடம் எனக்குக் கார் ஓட்டியவர், தோட்டம் பார்த்தவர். “அன்னிக்கு அப்பா உங்ககிட்ட என்ன சொன்னாரு, டாக்டர்?” என்று கேட்கிறாய். சின்ன வயதில் அங்கிள் என்பாய். பரவாயில்லை. பதில் சொல்கிறேன், ஆனால் வரிசையாகத்தான் சொல்வேன். குறுக்கே பேசாதே.

அதோ, மூன்றாவது தட்டில் ஓர் இடம் காலியாக இருக்கிறது பார். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அங்கே படுத்திருந்தது பிரான்சில், போர்தோ பக்கத்து மோர்வால் தோட்டத்தின் சிவப்பு வைன். 1953, நான் பிறந்த வருடம். முப்பது வயதில் அந்தத் தோட்டத்துக்கே போயிருந்தேன். முந்நூறு வருடத்துத் தோட்டம். ஒவ்வொரு கொடி வரிசையின் தலைமாட்டிலும் ஒரு ரோஜாச் செடி நிற்கும். கொடிக்கு வரப்போகிற நோய் ரோஜாவில் முதலில் தெரிந்துவிடுமாம். ஜெர்மன்காரன் படையோடு வந்தபோது நிலவறைக் காவலாளி நல்ல போத்தல்களை ஒரு மூலையில் அடுக்கி, முன்னால் சுவர் எழுப்பி, புதுச் சுவர் என்று தெரியாமலிருக்கப் புகைக்கரி பூசினானாம். நாலு வருடம் வாயே திறக்கவில்லை. அவனுடைய மகன்தான் இந்த 1953 போத்தலைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தான்.

உன் அப்பாவுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். கார் ஓட்டிக்கொண்டே கேட்பார்: “அங்கயும் விடியக்காலையில பெரட்டு உண்டுங்களா ஐயா? பேர் கூப்புடுவாங்களா?” கோப்பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பெரட்டில் நின்று பேர் கூப்பிட்டது என் தாத்தா, அங்கே கணக்கெழுதும் கிராணி அவர்தான். கையைக் கட்டிக்கொண்டு ‘இருக்கேன்’ என்றது உன் அப்பாவின் தாத்தா. நாம் ரெண்டு பேரும் ஒரே தோட்டம் என்று பிச்சைக்கு அதில் ஒரு பெருமை. ரப்பர் போய், செம்பனை போய், இப்போது அங்கே வரிசை வீடுகளோடு தாமான் வந்துவிட்டது. வேலிக்கு வெளியே மரத்தடியில் முனியாண்டி மட்டும் நிற்கிறார். மோர்வாலையும் இதையும் ஒரே மூச்சில் பேசுவதே தப்பு. ஆனால் அதை நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவ்வளவு நாகரிகம் எனக்கு உண்டு.

அந்தப் போத்தலைத் திறக்கத் தகுந்த நாள் வரட்டும் என்று இருந்தேன். என் மனைவி அன்னபாக்கியம் கடைசி வாரத்தில் ஒரு வாய் கேட்டாள். “இவ்வளவு காலமா என்னைவிட இதோடதானே குடும்பம் நடத்தினனீங்கள், ருசி எப்பிடியெண்டு ஒருக்காப் பாப்பம்” என்று சிரித்தாள். பழைய வைனில் மண்டி தங்கியிருக்கும். இரண்டு நாள் நிமிர்த்தி வைத்த பிறகுதான் திறக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தேன். மறுநாளே அவள் போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்ததும் போத்தலை மறுபடி படுக்கவைத்தேன். இதைச் சொல்வது நான் கல்நெஞ்சக்காரன் இல்லை என்று உனக்குத் தெரியத்தான். நிமிர்த்தி வைத்தேன் அல்லவா.

போன வருடம் எனக்கு பைபாஸ் நடந்தது. வார்டில் தலையணை மாற்றியதே நீதான். பிழைத்து, என் காலால் நடந்து வீட்டுக்கு வந்தேன்.

அடுத்து வந்த முனியாண்டி திருவிழா ஒரு ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை இங்கே வந்தேன், தட்டு காலியாக இருந்தது. உன் அப்பாவைக் கூப்பிட்டேன்.

“பிச்சை, அந்தப் போத்தல் எங்க?”

மழுப்பவில்லை. “முனியாண்டிக்கு வச்சிட்டேங்க ஐயா. நீங்கதானே சொன்னீங்க, இது மனுசன் குடிக்கிற சாமான் இல்லன்னு.”

சொல்லியிருக்கிறேன். விருந்தாளிகளுக்கு முன்னால் பீற்றிக்கொள்வதற்காகப் பலமுறை சொல்லியிருக்கிறேன். நான் கத்தவில்லை. எப்படித் திறந்தாய் என்று மட்டும் கேட்டேன்.

“தக்கை வரமாட்டேன்னுடுச்சிங்க. ஸ்குரு டிரைவரால உள்ள தள்ளிட்டேன். அது ஏன்னா ஐயா, நான் வந்து...”

கையைக் காட்டி நிறுத்தினேன். போதும், போய்க் காரைக் கழுவு என்றேன். அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டேன். இதை நன்றாக ஞாபகத்தில் வைத்துக்கொள், அவர் மீது எனக்குக் கோபமே இல்லை. அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவர் ஓட்டிய காரில்தான் போனேன், வந்தேன். பசியாறிட்டியா என்று காலையில் கேட்கத் தவறவில்லை.

பத்தாம் நாள் காலை பத்து மணி இருக்கும். முன்வாசலில் என் ரோஜாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் உள்ளே வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஐயா, நெஞ்சு ஒரு மாதிரி பிசையுதுங்க. இந்தக் கை வேற மரத்துப்போவுது.” சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அது குழாய்த் தண்ணீர் இல்லை. உட்காரவைத்து நாடி பார்த்தேன். நீ நர்ஸ், உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாடியைத் தொடுவதற்கு முன்னாலேயே, நிலைப்படியில் அந்த முகத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி இங்கிருந்து எட்டு நிமிடம். கார் சாவி அந்த ஆணியில்தான் தொங்கியது. ஆஸ்பிரின் இந்த இழுப்பறையிலேயே இருக்கிறது, எனக்காக வாங்கி வைத்தது.

“காத்துதான், பிச்சை. பயப்படாத” என்றேன். “வீட்ட போய்ப் படு. ஆஸ்பத்திரிக்குப் போனா நாள் முழுக்க வரிசையிலதான் நிக்கோணும்.”

இரண்டு கேஸ்ட்ரிக் மாத்திரையை அந்தத் தாளில் மடித்துக் கொடுத்தேன். சாப்பாட்டுக்கு முன் என்று எழுதியும் கொடுத்தேன். “நீங்க சொன்னா சரிதாங்க ஐயா” என்றார். முகம் தெளிந்துவிட்டது. டாக்டர் சொல்லுக்கு அப்படி ஒரு பலம் இருக்கிறது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மோட்டார்சைக்கிளில் ஏறும்போது, “ரோசாவுக்குப் பாதிதாங்க ஊத்தியிருக்கேன், சாயங்காலம் வந்து மிச்சத்த ஊத்துறேன்” என்றார். மிச்சத்தை நானே ஊற்றினேன்.

சிம்பாங் பூலாய் சமிக்ஞை விளக்கு வரைக்கும் போயிருக்கிறார். வண்டியை ஓரங்கட்டி, ஸ்டாண்டு போட்டு, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாராம். வெயிலுக்கு ஒதுங்கியவர் என்று எல்லோரும் கடந்து போயிருக்கிறார்கள்.

அழு. நான் காத்திருக்கிறேன்.

இனி உன் அம்மா சொன்னது. பதினாறாம் நாள் கருமாதிக்கு வந்தேன். நீ பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தாய். இருளாயி என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டு, ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கொடுத்தாள். அடியில் கால்வாசி, சிவப்பாக.

“ஐயா பங்குங்க. முனியாண்டி படையல்ல எடுத்துவச்சது. ஐயாவுக்கு ஆப்பரேசன் நடக்கறப்ப இவரு வேண்டிக்கிட்டாரு. பொழச்சு நடந்து வந்தா, ஐயா வீட்டுல இருக்கிறதுலயே ஒசத்தியான பொருள வைக்கிறேன்னு. கேட்டா ஐயா வேணாம்னுடுவாரு, நேர்த்தி நின்னுபோனா ஐயா உசுருக்கு ஆவாதுன்னு, கேக்காமலே எடுத்துட்டாரு. நீங்க மூஞ்சி கொடுத்துப் பேசலைங்களாம். இதைக் கொண்டாந்து தரக் கூச்சப்பட்டுக்கிட்டே இருந்தாரு.”

ஆக, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். அது மாரடைப்பு என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். உன் அப்பாவைக் கொன்றது நான். தாளைப் போலீசில் கொடு. என் கையெழுத்து இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு போத்தலுக்காகக் கொன்றேன் என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதே. நான் அவ்வளவு அற்பமான ஆள் இல்லை.

அந்தக் கால்வாசியை வீட்டுக்குக் கொண்டுவந்து, நல்ல கிளாசில் ஊற்றி, சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் குடித்தேன். காடி. வெறும் புளித்த காடி. திருவிழா அன்றைக்கே கொண்டுவந்து கொடுத்திருந்தால் ஒரு வாயாவது தேறியிருக்கும். அத்தனை நாள் என்னைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமலே இருந்திருக்கிறான். அதை மட்டும்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை, தினேஸ்வரி.