முதல் கவிதை சுவத்துல வந்துச்சு

காந்திபுரத்துல இருந்து சோமனூர் போற பஸ். எனக்கு முன்னாடி சீட்ல ரெண்டு அண்ணனுங்க. அதுல ஒருத்தர் திடீர்னு, "டேய், உன்ற முதல் கவிதைய படிச்சு ஊரே அழுதுச்சுடா"ன்னார். நான் ஹெட்செட்டைக் கழட்டிட்டேன்.

இன்னொருத்தர் கவிஞராம். நாளைக்கு அவரோட முதல் புத்தக வெளியீடு.

"மெதுவா பேசு மாப்ள. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு எழுதுனதை அங்க வந்து ஒளறிப்போடாத. மானம் போயிரும்."

"ஏன்டா? எல்லாம் என்ற பிரஸ்ல அடிச்சதுதான? தறிப்பட்டறை ராமசாமிக்கு 'தறி நின்ன பின்னும் உன் சத்தம் கேக்குதே'ன்னு எழுதுனியே, அதை அடிச்சுக்க ஆளு இருக்கா?"

"மேடையில முதல் கவிதை எதுன்னு கேட்டா, பத்திரிகையில வந்ததைத்தான் சொல்லுவேன்."

"யாரோட பாதிப்புல எழுத வந்தீங்கன்னு கேட்டா?"

"வெளிநாட்டுக் கவிஞருங்க ரெண்டு பேரு பேரை மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கேன்."

"நம்மூர்ல செத்தவங்க பாதிப்புன்னு சொல்லுடா. அதான் நெசம்."

அவங்களுக்கு முன்னாடி உக்காந்திருந்த அக்கா திரும்புனாங்க. "ஏனுங்க, ராமசாமி எங்க மாமனாருங்க. அந்தப் போஸ்டர் எழுதுனது நீங்களாங்க? ஊட்டு ஹால்ல பிரேம் போட்டு மாட்டியிருக்கமுங்க."

கவிஞருக்கு மானமெல்லாம் மறந்தே போச்சு. சீட்டு நுனிக்கே வந்துட்டார். "நாந்தானுங்க அக்கா! எந்த வரி புடிச்சுதுங்க?"

"வரியெல்லாம் யாருங்க படிச்சா? போட்டோல மாமனாரு மீசை அம்சமா உழுந்திருந்துச்சுங்க."

பிரஸ்காரர் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டார். "போட்டோ நாந்தானுங்க எடுத்தேன்."