தோட்டா போட்ட வரிசை

உங்க போலீஸ் ஸ்டேஷன் காப்பி இவ்வளவு நல்லா இருக்கும்னு நான் நினைக்கல, மார்லா. பால் வேண்டாம், கருப்பாவே குடு.

உன்னை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. தீயணைப்பு நிலையத்து ஹால்ல நான் நடத்துன வேட்டைப் பாதுகாப்பு வகுப்புல, ரெண்டாவது வரிசையில உக்காந்திருப்ப. இருபத்திரெண்டு வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் நான்தான் சொல்லிக் குடுத்தேன். ஒரு விபத்து கிடையாது.

போன மாசம் என் மக நடீன் வந்து, வீட்டுல காவலுக்கு ஏதாவது வேணும்னு கேட்டா. புருஷன் ராய்ஸை விட்டுப் பிரிஞ்சு ஒரு வருஷம் ஆச்சு. ஒரு தடவை அவ கையையே முறிச்சவன் அவன். ஆனா அவ என்ன சொன்னா தெரியுமா? "ஆளைக் கொல்லக் கூடாதுப்பா. வலிக்கணும், ஓடணும், அவ்வளவுதான். என் பொண்ணுக்கு அவன் அப்பன்."

சரின்னு கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். மிளகு ஸ்ப்ரே, மிளகாய்ப்பொடி உருண்டை சுடுற பிஸ்டல்னு என்னென்னவோ காட்டினாங்க. கடைசியில என்னோட பழைய பம்ப் துப்பாக்கிக்கே பொருந்துற ரப்பர் தோட்டா ஒரு பெட்டி வாங்கினோம். இங்க பல வீட்டுல அதான் பழக்கம். முதல்ல ரப்பர், அதுக்கும் அடங்கலைன்னா அப்புறம் ஆளைக் கொல்ற ஈயத் தோட்டா. நடீன் ஈயமே வேண்டாம்னுட்டா. ரெண்டே ரெண்டு இருக்கட்டும்னு நான்தான் பேசிப் பேசிச் சம்மதிக்க வச்சேன்.

அவ சமையலறை மேஜையில வச்சுத்தான் நிரப்பினேன். பக்கத்துல நின்னு பார்த்தா. முதல்ல மூணு ரப்பரை உள்ள தள்ளினேன், அப்புறம் ரெண்டு ஈயம். அவளுக்குத் திருப்தி. அந்தத் துப்பாக்கியோட தோட்டாக் குழாய்ல கடைசியாப் போன தோட்டாதான் முதல்ல வெடிக்கும். உனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. என் வகுப்புக்கு ஒரு நாளும் வராத பிள்ளை அவ.

ராய்ஸ் குடியை விட்டு எட்டு மாசம். சர்ச்சுல பாட வேற ஆரம்பிச்சுட்டான். "திருந்திட்டான் போலப்பா"ன்னு ஒரு நாள் ஆப்பிள் நறுக்கிக்கிட்டே சொன்னா. திரும்ப அவன்கிட்டயே போயிடுவா, அதையும் நான் பார்த்துக்கிட்டு இருக்கணுமா?

அதனால ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் ராய்ஸுக்கு போன் பண்ணேன். அவ மனசு மாறிட்டா, பின்வாசல் வழியாப் போ, தட்டாதன்னு சொன்னேன். அழுதுட்டான். "ரொம்ப நன்றி மாமா"ன்னான். அப்புறம் நடீனைக் கூப்பிட்டேன். அவன் மறுபடியும் குடிச்சுட்டு உன் வீட்டுப் பக்கம்தான் வர்றான், தொடையைப் பார்த்துச் சுடு, ரப்பர்தானேன்னேன். பேத்தியைக் காலையிலயே என் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். பிள்ளை அதைப் பார்க்க வேண்டாம்ல.

சொன்ன மாதிரி தொடையைத்தான் சுட்டிருக்கா. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள ரத்தம் பூராப் போய் எல்லாம் முடிஞ்சுபோச்சு. அவன் கையில பூங்கொத்து இருந்ததுன்னு நீங்க சொல்லித்தான் தெரியும்.

நாலு நாளா அவ உள்ள இருக்கா. என்னைக் காப்பாத்துறதா நினைச்சு உங்ககிட்ட என்ன சொல்லியிருக்கா? அப்பாவுக்கு வயசாச்சு, தோட்டாவை மாத்திப் போட்டுட்டார், பாவம்னு சொல்லியிருக்கா. வக்கீலுக்கு அது போதுமாம். விபத்துன்னு எழுதி நாளைக்கே அவளை வெளிய விட்டுருவாங்க, நீங்க வாயைத் திறக்காதீங்கன்னார்.

நேத்து சாப்பிட டைனர் ஓட்டலுக்குப் போனேன். என்கிட்ட படிச்ச பயலுக நாலு பேர் பேச்சை நிறுத்திட்டு என்னைப் பார்த்தானுங்க. ஒருத்தன் எழுந்து வந்து, "விடுங்க சார், வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்"னு தோளைத் தட்டினான். ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் இல்ல.

நான் இங்க வந்தது என் மகளுக்காகத்தான், மார்லா. அவ பேர்ல ஒரு பழி இருக்கக் கூடாது. இதை அவகிட்டயும் நீயே சொல்லிடு. முதல் வரியா இதை எழுது, பேப்பர்காரனுக்கும் குடு: டெல்பர்ட் க்ரெப்ஸ் தோட்டாவை மாத்திப் போடுற ஆள் இல்ல.