முதுகு தரையில் படக் கூடாது

— இது என்ன மதினி, கடை விரிச்ச மாதிரி? வீட்டுல இருக்கற மெத்தை, ரஜாய் பூரா மொட்டை மாடிக்கு வந்தாச்சு போல.

— மார்கழி வெயில விட்டா பெறகு கிடைக்காது. காயட்டும்.

— ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வெச்சா எப்படிக் காயும்?

— எங்க சங்கரன்கோவில்ல அப்படித்தாம் காய வைப்போம். நீ என்னத்துக்கு சாதனா, ஈர உடுப்ப மாட்டிக்கிட்டு நிக்க? கொடி காலியாத்தான கிடக்கு.

— ஜூடோ உடுப்பு கனம். உடம்புல போட்டாதான் சீக்கிரம் காயும்.

— அப்படியா...

— நீங்க ஏன் இன்னிக்கு சுடிதார்? இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆச்சு, உங்களைப் புடவை இல்லாம பார்த்ததே இல்லையே.

— புடவை எல்லாம் ஊறப் போட்டிருக்கு.

— எல்லாமுமா?

— ஏட்டி, போலீஸ்காரி மாதிரி கேக்காத. பொங்கல் முடிஞ்சதும் ஹவுராவுல நீ வண்டி ஏறணும். நேஷனல்ஸுக்கு எல்லாம் தயாரா?

— தயார்தான்... ஒண்ணுமில்ல.

— அந்தப் பஞ்சாப்காரிய நெனச்சு பயமா?

— எனக்கா? பயமா?

— இல்ல... போன வருஷம் இங்கன நடந்த போட்டியில அவ ஒன்னத் தள்ளிக்கிட்டே போயி ஓரத்துல...

— அண்ணன் சொன்னானா?

— ஒங்க அண்ணன் எதுக்கு? மீன் கடைக்காரரே சொன்னாரு.

— அவ கிட்டத்தட்ட ஆறடி மதினி. பஸ் மாதிரி நேரா வருவா. தள்ளிட்டே வருவா. நான் காலை ஊனறதுக்குள்ள கோட்டுக்கு வெளிய நிப்பேன்.

— அப்படித் தள்ளிட்டு வாரவளுக்குன்னே சோமாதிகிட்ட ஒரு வித்தை இருக்காமே.

— சோமாதியா? எப்ப இருந்து உங்களுக்கு அவ சோமா 'தி'?

— லேக் கார்டன்ஸ்ல எல்லாரும் அப்படித்தான கூப்பிடுதாங்க. அக்கான்னு சொல்லுததுக்கு ஒரு 'தி'. காசா பணமா?

— என்னை ரெண்டு தடவை ஸ்டேட் ஃபைனல்ல அதே வித்தையால தூக்கிப் போட்டவ அவ. இப்ப முட்டி பிசகிக் கிடக்கா, அதனாலதான் பெங்கால் சார்பா நேஷனல்ஸுக்கு நான் போறேன். அதையும் சொல்லிக் காட்டற மாதிரி, கிளப்புல எல்லார் முன்னாடியும், 'வா, அதை உனக்குக் கத்துத் தரேன்'னா.

— நல்ல பிள்ளதான.

— வேண்டாம்னுட்டேன்.

— என்னத்துக்கு?

— அவ சரக்கை வாங்கிட்டுப் போய் ஜெயிச்சா அது யார் ஜெயிச்சது? அதுவும் இல்லாம... அந்த வித்தையே அசிங்கம் மதினி. எதிராளி தள்ளிட்டு வரும்போது, அவ சட்டையைப் பிடிச்சுக்கிட்டு முதல்ல நாமளே மல்லாக்க விழணும். கால் அவ வயித்துல. அப்புறம்தான் அவ நம்ம தலைக்கு மேல பறப்பா. முதுகு தரையில படக் கூடாதுன்னு சின்ன வயசுல இருந்து படிச்சவ நான். நானே போய் முதுகை வைக்கணுமா?

— மெடல் வரலைன்னா?

— அதான் உங்களுக்கே தெரியுமே. மெடல் வந்தா ரயில்வேல ஸ்போர்ட்ஸ் கோட்டா. இல்லேன்னா உடுப்பை மடிச்சு வெச்சுட்டு பேங்க் கோச்சிங். அப்பா சொன்னா சொன்னதுதான்... ஜூடோ இல்லேன்னா காலையில எழுந்து எங்க போறதுன்னுகூட எனக்குத் தெரியாது மதினி. நெஜமாவே தெரியாது.

— இவ்வளவு தெரிஞ்சும் அந்த முதுகு மேல என்ன பாசமோ.

— கிண்டல் பண்ணாதீங்க. அது ஒண்ணும் பெரிய வித்தையும் இல்ல. நான் அசந்த நேரம் பார்த்துப் போட்டா, அவ்வளவுதான். முழிச்சுக்கிட்டுத் தள்ளினா என்கிட்ட பலிக்கவே பலிக்காது.

— யாரு போட்டாலுமா?

— இந்த ஊர்ல எவ போட்டாலும்.

— அப்ப வா. அந்தப் பஞ்சாப்காரி மாதிரி என்னத் தள்ளு, பாப்போம்.

— உங்களையா? எலும்பு எங்கயாவது முறிஞ்சா அண்ணனுக்கு யார் பதில் சொல்றது?

— அவரு சால்ட் லேக் ஆபீஸ்ல கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டு இருக்காரு. தள்ளு. நான் சும்மா ஒன் காலரப் பிடிச்சுக்கிடுதேன்.

— நகமெல்லாம் ஒட்ட வெட்டியிருக்கீங்களே.

— மாவு கரைக்கதுக்கு. பேசிக்கிட்டே நிக்கியே, தள்ளுட்டி.

— மெதுவாத்தான் தள்ளுவேன்.

— பயமா?

— யாருக்கு? இந்தாங்க... இந்தா... மதினி, பின்னால மெத்தை, தடுக்கிடப் போகுது... ஐயோ, உக்காராதீங்க... மதி...

— ...

— ...

— சாதனா? ஏட்டி... வானம் தெரியுதா?

— தெரியுது. ரெண்டு காக்காகூடத் தெரியுது.

— அடி பட்டுச்சா?

— இல்ல. மெத்தையை எல்லாம் நல்லாத்தான் அடுக்கியிருக்கீங்க.

— கோவமா?

— எப்ப இருந்து மதினி?

— ஆடி மாசத்துல இருந்து. காலையில லேக்கச் சுத்தி நடந்துட்டு வாரேன்னு கெளம்புவேன்லா... நீ காலேஜுக்குப் போன பெறகு. கிளப்பு வாசல்ல நின்னு வேடிக்கை பாப்பேன். ஒரு நா சோமாதி, 'உள்ள வாங்க பௌதி'ன்னு கையப் பிடிச்சு இழுத்துட்டா. இங்க அண்ணன் பொண்டாட்டிய அப்படித்தான கூப்பிடுதாங்க. அதுவரைக்கும் இந்த ஊருல என்ன யாரும் எதுவுமே சொல்லிக் கூப்பிட்டதில்ல.

— முட்டி பிசகறதுக்கு முன்னாடியே உங்களுக்கு இதைச் சொல்லிக் குடுத்துட்டாளா?

— அன்னைக்கு அவதாம் என்னத் தூக்கிப் போட்டா. பெறகு நான் அவளப் போட்டேன். பாஷை தெரியாம ஊமை மாதிரி கெடந்தவ, அங்க விழுந்து விழுந்துதாம் எனக்குச் சிரிப்பே வந்துச்சு. பெங்காலியும் வந்துச்சு. ஆனா ஒன்கிட்ட எப்படிட்டி சொல்ல? ஒன்னத் தோக்கடிச்சவகிட்டப் போயி படிச்சிருக்கேன். சாப்பிட உக்காந்தா ஒன் மூஞ்சியப் பாக்கவே கூச்சமா இருந்துச்சு. பொங்கலுக்குள்ள ஒரு தடவையாவது ஒன்னத் தூக்கிப் போட்டுக் காட்டிறணும்னுதாம் இன்னைக்கு மெத்தையெல்லாம் சொமந்தேன்.

— கால் எங்க வெச்சீங்க?

— எது?

— என் வயித்துல. எந்த இடம்?

— பெல்ட்டுகிட்ட. முழங்கால மடக்கி வைக்கணும். நல்லாக் கீழ போன பெறகுதாம் நிமித்தணும். தள்ளி உக்காந்தா நடக்காது, அவ காலுக்கு நடுவுல நொழஞ்சு உக்காரணும்... நில்லு. ஒனக்கு ஆச்சரியமே இல்லியா? ஒன் மதினி ஒன்னத் தலைக்கு மேல தூக்கிப் போட்டிருக்கேன். நீ தயிருக்கு ஒறை ஊத்த அளவு கேக்க மாதிரி கேக்க.

— போன வாரம் நானே சோமாதி வீட்டுக்குப் போனேன் மதினி. யாரும் பார்க்காம, பின்பக்கமா. முட்டியில ஐஸ் வெச்சுட்டு உக்காந்திருந்தா. கத்துக் குடுன்னு கேட்டேன். 'இந்தக் காலை வெச்சுக்கிட்டு என்னால முடியாது, உங்க வீட்டுச் சமையல்கட்டுல என்னைவிட நல்லாப் போடறவ ஒருத்தி இருக்கா, அவகிட்டப் போய்க் கேளு'ன்னுட்டா. அவகிட்டக் கேட்டதுக்கே எனக்கு உயிர் போயிடுச்சு. இன்னொரு தடவை உங்ககிட்டயும் கேக்க வாய் வரல. அதான் சவால் விட்டேன், இந்த ஈர உடுப்போட... சரி, அந்தப் பக்கம் போய் நில்லுங்க. இப்ப நீங்க தள்ளிட்டு வாங்க. நான் விழறேன்.