சூடானா நின்னுபோற வண்டி

இல்லண்ணே, அவசரப்படாதீங்க, வண்டி ரெடியாத்தான் இருக்கு. காதால கேக்குறீங்கல்ல, ரெண்டு மணி நேரமா ஓடவிட்டிருக்கேன், ஒரு இருமல் இல்ல. உங்க வெங்காயம் எங்கயும் ஓடிறாது. உக்காருங்க கூ அண்ணே. அந்தக் கதவைச் சாத்திட்டு வாங்க, இந்த ஹெங்சுன் ஊர்க் காத்துக்கு டீயில மண்ணுதான் மிதக்கும்.

என்ன கோளாறுன்னா? சொல்றேன். மூணு நாளா எனக்கு மண்டை காஞ்சுபோச்சு. காலைல சாவியத் திருப்புனா ஒடனே புடிக்குது, அரை மணி ஓடுது, பொசுக்குன்னு நின்னுடுது. ஆறவிட்டா மறுபடி ஓடுது. பிளக்கு நாலையும் கழட்டிப் பாத்தேன், சுத்தமா இருக்கு. இருந்தாலும் மாத்தினேன். தீப்பொறிக்குக் கரண்டு குடுக்கற காயிலை மாத்தினேன். அதுலேர்ந்து பிளக்குக்குப் போற ஒயர் பூராவும் மாத்தினேன். தண்ணிச் சூட்டைப் பாத்துச் சொல்ற சென்சார், அதையும் மாத்தினேன். இஞ்சின் சுத்துதா இல்லியான்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லுமே, கிராங்க் சென்சார், முன்னாடி ஒரு தடவை உங்களைப் பாடாப்படுத்துச்சே, அதே சாமான்தான், அதையும் புதுசு போட்டேன். ஒண்ணும் கேக்கல.

உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. நாலு வருசத்துக்கு முன்னால அஞ்சே நிமிசத்துல கண்டுபிடிச்ச இந்தப் பான், இப்ப மூணு நாளு என்னத்தப் பண்ணினான்னுதானே நெனைக்கிறீங்க? நியாயந்தான். அதுக்குத்தான் வர்றேன்.

சியூ-மானை ஞாபகம் இருக்கா, என் கொழுந்தியா? அட, பேரைச் சொன்னதும் எந்திரிச்சா எப்படிண்ணே. உக்காருங்க, அவ இங்க இல்ல. நாலு வருசமா இந்த வாசப்படி மிதிக்கல. என் பொண்டாட்டிக்கே போன்லதான் பேசுறா.

அவ காவ்ஷுங்ல ஒரு பெரிய ஒர்க்ஷாப்புல பதினோரு வருசம் வேலை பாத்தவ. புருசனோட ஒத்துவரலன்னு அத்துவிட்டுட்டு வந்தா. தங்கச்சி பாவம், கடையில கணக்குப் பாத்துக்கட்டும்னா என் வீட்டுக்காரி. நானும் சரின்னேன். பொம்பளை, கல்லாவுல உக்காந்து டீ ஊத்திக் குடுத்துட்டு இருப்பான்னுதான் நெனைச்சேன்.

ரெண்டாவது வாரம் என்னாச்சு தெரியுமா? மீனு ஏத்துற வேன் ஒண்ணு, சூடானா நின்னுடும். நான் ரெண்டு நாளா தலைகீழா நின்னேன். நம்ம வழி தெரியுந்தானே, ஒண்ணொண்ணா மாத்திப் பாப்போம், எதுல சரியாவுதோ அதான் கோளாறு. இவ வந்து பின்னால நின்னா. வண்டி நின்னுபோனதும் கிளப்பிப் பாருங்க மாமா, இஞ்சின் சுத்தைக் காட்டுற அந்த ஆர்.பி.எம் முள்ளு ஆடுதான்னு பாருங்கன்னா. முள்ளு செத்த மாதிரி கெடந்துச்சு. இஞ்சின் சுத்துது, முள்ளு ஆடல. அப்ப சுத்துறதே கம்ப்யூட்டருக்குத் தெரியல மாமாங்கிறா. அந்தக் கிராங்க் சென்சாரைக் கழட்டி மீட்டர் வெச்சு அளந்தா, ஆறியிருக்கறப்ப சரியாக் காட்டுது. உள்ள போயி அவ அக்கா முடி காயவைக்கிற மெஷினை எடுத்துட்டு வந்து அதும்மேல சூடா ஊதுனா பாருங்க, மீட்டர்ல நம்பர் காணாமப் போச்சு! அம்புட்டுதான். பத்து நிமிசம். மீன்காரன் கைதட்டுறான். என் பொண்டாட்டி இருக்காளே, அவ சிரிச்சா பாருங்க ஒரு சிரிப்பு. கல்யாணமாகி இருவது வருசத்துல என்னைப் பாத்து அப்படிச் சிரிச்சதில்ல.

அன்னிக்குப் புடிச்சதுண்ணே எனக்கு இந்த வயித்தெரிச்சல்.

அப்புறம் வர்றவன்லாம், பான் இருக்காரான்னு கேக்கறதில்ல. அந்தக்கா இருக்காங்களா. நான் கடையில நிக்கறேன், கையெல்லாம் எண்ணெயோட, என் பேரு போட்ட போர்டுக்குக் கீழதான் நிக்கறேன். என்னைத் தாண்டி எட்டிப் பாக்குறான். போன் வந்தா அக்காகிட்ட குடுங்க. சாப்பிட உக்காந்தா அக்காளும் தங்கச்சியும் கார்பரேட்டரு, சென்சாருன்னு பேசிச் சிரிக்கிறாளுங்க. என் பொண்டாட்டிக்கு ஸ்பேனர் எது ஸ்குரூ டிரைவர் எதுன்னு தெரியாது, அவ பேசுறா! சோறு எறங்கல எனக்கு. அவ பண்ற வேலையில ஒரு குத்தம் கண்டுபிடிக்கணும்னு, அவ மூடின பானெட்டை அவ போனப்புறம் தொறந்து தொறந்து பாப்பேன். ஒரு போல்ட்டு லூசா இருந்தாப் போதும்னு இருக்கும். இருக்காது. அதுல இன்னும் எரியும்.

அவ திமிரு புடிச்சவளா இருந்திருந்தாலாவது பரவால்ல. ஆளுங்க முன்னால, மாமாதான் சொன்னாரு, மாமாதான் கண்டுபிடிச்சாருன்னு எனக்கே விட்டுக்குடுப்பா. அது இருக்கே, அதைத்தான் தாங்க முடியல.

ம்ம். அப்பத்தான் உங்க வண்டி வந்துச்சு. சூடானா நிக்குதுன்னு. கிராங்க் சென்சார்னு அவளே கண்டுபிடிச்சா, புதுசு வரவழைச்சு அவளே மாட்டினா. மறுநா நீங்க வெங்காயம் ஏத்திக்கிட்டு அந்த மேட்டுல ஏறுறீங்க, பாதி மேட்டுல வண்டி நிக்குது, பின்னால உருண்டு பள்ளத்துல எறங்குது. பக்கத்துல உக்காந்திருந்த அண்ணிக்குக் கை ஒடைஞ்சுது. ரோடு பூரா வெங்காயம்.

எனக்கு மறக்கலண்ணே. நீங்க இங்கதான் நின்னீங்க, கட்டு போட்ட அண்ணியையும் கூட்டிக்கிட்டு. நான் பானெட்டுக்குள்ள குனிஞ்சேன். அஞ்சு நிமிசம். அந்தச் சென்சாரைக் கழட்டி உங்க கையில குடுத்தேன். பழசு. கறுப்பேறி, மேல உங்க வண்டி எண்ணெய்க் கறையோட, அதே பழைய சென்சார். புதுசு போட்டேன்னு சொல்லிட்டு இவ பழசையே விட்டுட்டான்னு கடையே பேசுச்சு. நீங்க கேட்டீங்க பாருங்க ஒரு கேள்வி அவளை, திருட்டு நாயேன்னு, அவ அக்கா முன்னாலயே. அவ ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. நான் புதுசைத்தான் மாட்டினேன், மாட்டறதுக்கு முன்னால அளந்தும் பாத்தேன். அம்புட்டுதான். எம்மூஞ்சியப் பாத்தா. நான் டீ ஊத்தப் போயிட்டேன்.

அதுலேர்ந்து நீங்க என்னைத் தவிர யாருகிட்டயும் போகல. கடைக்கடையா என் பேரைச் சொல்லி, அஞ்சு நிமிசத்துல கண்டுபிடிச்சான்னு ஆளு அனுப்புனீங்க. நல்லாத்தான் இருந்துச்சு கேக்க.

அவளா? ஃபாங்லியாவ்ல ஒரு தகரக் கொட்டாய்ல ஸ்கூட்டருக்கு எண்ணெய் மாத்திக்கிட்டிருக்கா. இஞ்சின் வேலை யாரும் குடுக்கறதில்ல. பேரு கெட்டுப் போச்சில்ல.

இன்னிக்குக் காலைல வேற வழியில்லாம அவளுக்குப் போன் போட்டேன். நாலு வருசத்துல மொத தடவை. ஒரு வண்டி, இப்படி இப்படின்னேன். யாரு வண்டின்னு சொல்லல. மூணு கேள்வி கேட்டா. முள்ளு ஆடுதா? ஆடுது. நிக்கறதுக்கு முன்னால வெளக்கு மங்குதா? மங்குது. கடலோரமா நிக்கிற வண்டியா? ஆமா. அப்ப சென்சாரைத் தொடாதீங்க மாமா, பேட்டரிக்கு அடியில எர்த் ஒயர் பாடியில முடுக்கியிருக்கும், அந்த போல்ட்டைக் கழட்டிப் பாருங்கன்னா. கழட்டினேன். உப்புக் காத்துல துருவேறி மாவா உதிருது. சூடேறுனா தொடுப்பு விட்டுப்போவுது, கரண்டு பாயல, நின்னுடுது. தேய்ச்சுச் சுத்தம் பண்ணி முடுக்கினேன். அதான் இப்ப ஓடிக்கிட்டிருக்கு. அங்கேயிருந்து, வண்டியக் கண்ணால பாக்காம! போனை வெச்சதும் சந்தோசமா வந்துச்சுன்னு நெனைக்கிறீங்க? வயிறு எரிஞ்சுதுண்ணே. இந்த அம்பத்தாறு வயசுலயும் எரிஞ்சுது.

ஆனா வைக்கறதுக்கு முன்னால ஒண்ணு கேட்டா. கூ அண்ணன் வண்டியா மாமான்னா. ஆமான்னேன். அப்ப நான் சொன்னேன்னு அவருகிட்ட சொல்லிறாதீங்க, தெரிஞ்சா பயந்து பயந்து ஓட்டுவாரு, அண்ணிய வேற ஏத்திக்கிட்டுப் போறவருன்னா.

அதான் உங்களை உக்காரச் சொன்னேன்.

இல்ல, அவ அன்னிக்குப் பொய் சொல்லல. புதுசைத்தான் மாட்டியிருந்தா. அவ சாப்பிடப் போன நேரத்துல குப்பை டப்பாவுலேர்ந்து உங்க பழசை எடுத்து நாந்தான் திருப்பி மாட்டினேன். ரெண்டே போல்ட்டு. ரோட்டுல எங்கயாவது நிக்கும், நீங்க வந்து சத்தம் போடுவீங்க, அம்புட்டுதான் நெனைச்சேன். மேடு எம்புத்தியில வரல.

வீட்டுக்காரி உள்ளதான் இருக்கா. அவளுக்கு இன்னும் சொல்லல. நீங்க போனதும் சொல்லணும். இல்ல நீங்களே கூப்பிட்டுச் சொன்னாலும் சரி.

அவ மாட்டின புதுசா? வாசல்ல நீல வண்டி நிக்குது பாருங்க, என்னோடது, உங்க வண்டி மாடலேதான். அதுல மாட்டிக்கிட்டேன். நாலு வருசமாச்சு, ஒரு தடவை நிக்கல.