இட்ரிஸ் வீட்டு வேகாத உருளைக்கிழங்கு

தலைமையேற்றிருக்கும் ஆலோசனை மையத் தலைவி மெரியல் அவர்களே, சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலோடும் இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்து மெர்த்தர் ஊர் மன்றத்தை நிறைத்திருக்கும் பெருமக்களே!

நான் செத்தால் இத்தனை பேர் வருவீர்களா? மாட்டீர்கள்! பொறாமையோடுதான் இங்கே நிற்கிறேன்.

எங்கள் கிளெனிஸ் பிரிட்சர்ட்! ஊனமுற்றோர் உதவித்தொகை வழக்குகளின் தலைமகள்! ஆலோசனை மையத்தில் அவருக்கு எதிர்மேசை என்னுடையது. சட்டம் முழுவதும் எனக்கு மனப்பாடம். ஆனாலும் கதவைத் திறந்ததும் என்ன கேட்பீர்கள்?

"கிளெனிஸ் இல்லையா?"

"நான் இருக்கேனே."

"பரவால்ல, அவங்க வர்ற வரைக்கும் உக்காந்திருக்கேன்."

எத்தனை முறை கேட்டிருப்பேன் இதை!

'தனியாகச் சமைக்க முடியுமா?' என்று விண்ணப்பத்தில் அரசாங்கம் கேட்கும்; முடியாதவர்களுக்குத்தான் உதவித்தொகை. நம் வேல்ஸ் ஆட்களுக்கு மானம் பெரிதாயிற்றே! "ஏன் முடியாது?" என்பார்கள். அதோடு உதவித்தொகை போயிற்று.

முன்வரிசையில் இருக்கும் இட்ரிஸ் பெய்னனும் அப்படித்தான். பேருந்து ஓட்டிய கை, இப்போது நிற்காமல் நடுங்குகிறது. உதவித்தொகை மறுக்கப்பட்ட பிறகும் என்னிடம், "சமையலா? ஜோரா பண்ணுவேன்" என்றார். நான் சட்டம் பேசினேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

கிளெனிஸ் என்ன செய்தார்? இட்ரிஸ் வீட்டுக்கே போனார். "பசிக்குது இட்ரிஸ், எதாவது பண்ணிப் போடுங்க" என்று உட்கார்ந்தார். உதவ ஓடிவிடாதபடி இரு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். உருளைக்கிழங்கு தரையில் உருண்டது. கத்தி இட்ரிஸின் விரலைக் கிழித்தது. வேகாமல் வந்ததைக் கிளெனிஸ் தட்டை வழித்துச் சாப்பிட்டார்!

"இப்ப சொல்லுங்க."

"முடியல, கிளெனிஸ்."

அந்தச் சொல்லை என்னிடம் ஏன் சொல்லவில்லை? இன்றும் வயிறு எரிகிறது!

இட்ரிஸின் மேல்முறையீட்டு விசாரணை வரும் வியாழக்கிழமை. அங்கே நடுவர்கள் முன்னால் அதே சொல்லை இட்ரிஸ் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சற்றுமுன் வாசலில் என்ன சொன்னார் தெரியுமா? "நீங்க வேணாம், அலன். அவங்களே போயிட்டாங்க. கேஸை வாபஸ் வாங்கிக்கிறேன்."

விடமாட்டேன், இட்ரிஸ்! கிளெனிஸ் தொடங்கியதை முடிப்பேன் என்று இந்த அவையின் முன் உறுதி சொல்கிறேன். நாளை மதியம் உங்கள் வீட்டில் எனக்குச் சாப்பாடு. கத்தி விழுந்தாலும் எழுந்திருக்கமாட்டேன். வேகாவிட்டாலும் வழித்துச் சாப்பிடுவேன். பிறகு அவரிடம் சொன்னதை என்னிடமும் ஒரு முறை சொல்லுங்கள்.

கிளெனிஸ்! இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் நீதான் சாப்பிட்டாய். இந்த ஒரு தட்டையாவது எனக்கு விட்டுக்கொடு!